லீவு நாளிலும் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம்

(நோணாங்குப்பத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வட்டி என்று பேசுகிற இடத்தில் ஓட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்காதீங்க. இதுவும் நம்ம வீட்டு வருமானக் கணக்குதான்.

நம்ம குழு வீடுகளில் பொண்ணுங்க போலீஸ் வேலைக்கும் மத்தியப் படை வேலைக்கும் தயாராகிட்டு இருக்காங்க. மத்திய ஆயுதப் படைகளுக்கான காவலர் தேர்வை முன்பு இந்தி, ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுத முடியும். 2024 ஜனவரி முதல் தமிழிலும் எழுதலாம் என்று ஆனது. நம்ம பிள்ளைகளுக்குப் பெரிய கதவு திறந்தது. ஆனா எழுத்துத் தேர்வைத் தாண்டினா ஓட்டம் இருக்கு. பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில் ஓடி முடிக்கணும். 400 மீட்டர் மைதானத்தில் நாலு சுற்று. ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 7 விநாடி. கேட்க லேசாத் தெரியும். முதல் சுற்றை யாரும் ஓடிடுவாங்க. மூணாவது சுற்றில்தான் மூச்சு முட்டும், கால் கனக்கும். அதைத் தாக்குப்பிடிக்கிற தெம்பு ஒரு வாரத்தில் வராது. மாதக்கணக்கில் ஓடித்தான் வரணும்.

எங்க குழுவில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்றோம். பெயர் வேண்டாம். அந்தப் பொண்ணு தீபாவளிக்கு முன்னாடி எட்டு நிமிடம் இருபது விநாடிக்கு வந்துட்டா. அப்புறம் பண்டிகை வந்தது. பலகாரம் சுடணும், வீடு கழுவணும், ஊரிலிருந்து அத்தை குடும்பம் வந்திருக்கு. "ரெண்டு நாள் ஓடலைன்னா என்ன"ன்னு சொன்னோம். ரெண்டு நாள் மூணு வாரம் ஆச்சு. திரும்ப ஓடினப்போ ஒன்பது நிமிடத்தைத் தாண்டிடுச்சு. அதே வீட்டில் அவ தம்பி தினமும் காலையில் மட்டையைத் தூக்கிட்டு கிரிக்கெட் ஆடப் போனான். அவனை ஒருத்தரும் நிறுத்தலை. அந்தப் பொண்ணு இதை வாய்விட்டுச் சொன்னப்போ எங்களுக்குப் பதில் சொல்ல முடியலை. சொன்னவங்க, நிறுத்தினவங்க எல்லாம் நாங்கதானே.

மற்ற ஊரில் லீவுன்னா ஓய்வு. நம்ம ஊரில் லீவுன்னா கூட்டம். பொங்கல், காணும் பொங்கல், மே மாசம், ஆகஸ்ட் 15, அதுக்கு மறுநாள் நம்ம புதுச்சேரிக்கு மட்டும் உள்ள 16-ஆம் தேதி லீவு, எல்லா நாளும் சுண்ணாம்பாறு படகுக் குழாமுக்கு வண்டி வண்டியா ஆள் வருது. ஆடியில் வீராம்பட்டினம் தேர் வேற. கடை போட்டிருக்கிற நம்ம பெண்களுக்கு அதுதான் நாலு காசு பார்க்கிற நாள். அதனால் வீட்டு வேலை பொண்ணு தலையில் விழுது. அதை நாங்க குத்தம் சொல்லலை, வியாபாரத்தை விட முடியாது. ஆனா கடலூர் ரோட்டில் அந்த நாட்களில் போற வண்டிகளைப் பார்த்தா, விடிஞ்ச பிறகு அந்த ரோட்டில் ஓடச் சொல்லவும் பயமா இருக்கு.

பயிற்சி எவ்வளவு விட்டா எவ்வளவு குறையும்னு தெரிஞ்சுக்கிட்டா பாதிச் சண்டை தீர்ந்துடும். நாலஞ்சு நாள் ஓய்வெடுத்தா ஒண்ணும் குறையாது. கால் வலி ஆறி, சில பேர் இன்னும் நல்லாவே ஓடுவாங்க. அதனால் பெரும் பொங்கலும் மாட்டுப் பொங்கலும் அவ நம்ம கூட முழுசா இருக்கட்டும். கோலம் போடட்டும், பாட்டி வீட்டுக்குப் போகட்டும். ஆனா ரெண்டு மூணு வாரம் சுத்தமா விட்டா மூச்சுத் தெம்பு நல்லாவே இறங்கிடும். நடுவில் ஒரு வழி இருக்கு. வாரத்தில் ரெண்டு நாள் ஓடினாலும் போதும், வேகத்தை மட்டும் குறைக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கிற தெம்பு பல வாரம் நிற்கும்னு ஆராய்ச்சியிலேயே பார்த்திருக்காங்க. ரெண்டு நாள், ஆளுக்கு ஒரு மணி நேரம். நம்ம வீட்டால் இதைக் கொடுக்க முடியாதா?

எங்க குழுவில் இப்போ செய்யறது இதுதான். லீவு தொடங்கும்போதே காலண்டரில் அந்த ரெண்டு நாளையும் வட்டம் போட்டுடுவோம். அன்னிக்குக் காலை டிபன் அவ பொறுப்பு இல்லை. தம்பியோ அப்பாவோ இட்லி ஊத்தட்டும். (ஒரு வீட்டில் முதல் நாள் இட்லி கல்லு மாதிரி வந்தது. சாப்பிட்டாங்க.) பொண்ணுங்க தனியாப் போகாம மூணு பேரா சேர்ந்து, நல்லா விடிஞ்சதும் பள்ளி மைதானத்துக்குப் போறாங்க. எங்களில் ஒருத்தர் கூடப் போய் உட்காருவோம், செல்போனில் நேரம் பார்த்துச் சொல்வோம். மே மாசம் வெயில் ஏறுமுன்னே ஆறரைக்குள் முடிச்சிடணும்.

"கல்யாணம் வரைக்கும்தானே இந்த ஓட்டம்"னு ஒரு அக்கா கேட்டாங்க. பி.டி. உஷாவுக்கு 1991-இல் கல்யாணம், 1992-இல் மகன் பிறந்தான். 1998-இல், 34 வயதில், ஜப்பானில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் பதக்கம் வாங்கினாங்க. இங்கிலாந்தில் பவுலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் பெண் குழந்தை பெற்று, அதே வருஷம் நவம்பரில் நியூயார்க்கில் 42 கிலோமீட்டர் மாரத்தான் ஜெயிச்சாங்க. இவங்க எல்லாம் பெரிய ஆளுங்க, வசதி இருந்ததுன்னு நீங்க சொல்லலாம். சரிதான். நம்ம பக்கத்திலேயே புதுக்கோட்டை மாவட்டத்துப் பொண்ணு எல். சூர்யா இருக்காங்க. 2016 தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் ரெண்டிலும் தங்கம்.

இன்னொண்ணு, சாப்பாடு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாட்டில் நூறு பெண்களில் 57 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைஞ்சா என்ன ஓடினாலும் மூச்சு வாங்கும். பொண்ணு சோர்ந்து உட்கார்ந்தா சோம்பேறின்னு திட்டறதுக்கு முன்னாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்க. முருங்கைக்கீரை, கேழ்வரகு, மீன் கொடுங்க. சாப்பிட்ட உடனே டீ குடிச்சா இரும்புச்சத்து உடம்பில் சரியாச் சேராது, ஒரு மணி நேரம் விட்டுக் கொடுங்க. பண்டிகை நாளில் மிச்ச மீதியை அவ கடைசியில் சாப்பிடற பழக்கத்தையும் விடணும்.

அந்தப் பொண்ணு இப்போ மறுபடி எட்டு நிமிடம் முப்பத்தஞ்சுக்கு வந்திருக்கா. இன்னும் அஞ்சு விநாடி பாக்கி. வர்ற பண்டிகைக்கும் அத்தை குடும்பம் வரப் போகுது. அத்தைக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிட்டோம். உங்க குழுவில் ஓடற பொண்ணுங்க இருந்தா அவங்க பெயரை ஊக்குநரிடம் கொடுங்க, மைதானத்துக்கு யார் எந்த நாள் துணை போறதுன்னு சேர்ந்து பிரிச்சுக்கலாம்.