கண்டங்களின் பிறப்பும் பெயர்ச்சியும்: குமரி நில ஆய்வுக்கு ஒரு தெளிவு

 

அண்ணாமலையை 14 கிலோமீட்டர் சுற்றி வருவோர் பல்லாயிரவர். இக்கல் எங்குப் பிறந்தது என வினவுவோர் மிகச் சிலர். தீப்பிழம்பாய் நின்ற மலை என்னும் தொன்மம் வழங்குவதால், இஃது அவிந்த எரிமலை எனக் கருதுவாரும் உளர். அஃது உண்மையன்று. வடதமிழகத்தின் கடும்பாறைகள் நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் இறுகியவை. அவற்றின் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. மேலே மூடியிருந்த அடுக்குகளை மழையும் காற்றும் அரித்தெடுத்தமையால் அவை இன்று மலைகளாய்த் தோன்றுகின்றன. அவ்வரிப்பு இன்னும் ஓயவில்லை. 2024 திசம்பரில் புயல்மழையால் இம்மலைச் சரிவு பெயர்ந்து எழுவர் மாண்டதை இவ்வூர் மறவாது.

இத்தகைய பாறைகளுள் ஒன்று சென்னைப் பரங்கிமலை, பல்லாவரப் பகுதிகளில் கிடைக்கின்றது. கல்கத்தாவில் சாப் சார்னாக்கு என்னும் ஆங்கில வணிகரின் கல்லறையில் அக்கல்லைக் கண்ட தாமசு ஆலந்து, 1893-இல் அதற்குச் 'சார்னாக்கைட்டு' எனப் பெயரிட்டார். தமிழ்நிலத்துக் கல் அயல் வணிகர் பெயரால் உலகெங்கும் அறியப்படுகின்றது!

இனி, கண்டம் பிறக்கும் வகையைக் காண்போர் காய்ச்சிய பாலை நினைக்க. கனமற்ற ஆடை மேலே மிதக்கின்றதன்றோ? அதுபோல், கண்டத்தின் பாறை கடலடிப் பாறையினும் எடை குறைந்தது, தடிப்போ மிகுந்தது. கடலடி ஓடு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தடிப்பினது. கண்ட ஓடு ஏறத்தாழ 35 முதல் 40 கிலோமீட்டர் தடிப்பினது. கடல்நடு முகடுகளில் புதிய கடலடி ஓடு பிறக்கின்றது. அது நகர்ந்து குளிர்ந்து, வேறொரு தட்டின் கீழ் நுழைந்து மறைகின்றது. அவ்வாறு நுழையும் ஓட்டினின்று வெளிப்படும் நீர், மேலுள்ள பாறையை உருகச் செய்கின்றது. உருகியதன் எடைகுறைந்த பகுதி மேலெழுந்து இறுகிக் கண்டத்தை வளர்க்கின்றது. சிறு நிலத்துண்டுகள் மோதி ஒட்டுவதாலும் கண்டம் பெருகும். தென்னிந்தியாவும் அவ்வாறு ஒட்டிய நிலமே. பாலக்காட்டுக் கணவாயினின்று காவிரிப் பகுதி வரை அதன் தையல் ஓடுகின்றது என்பது ஆய்வாளர் பலர் கொள்கை.

கண்டங்கள் நகர்கின்றன என்று செருமானிய அறிஞர் ஆல்பிரட் வெகனர் 1912-இல் கூறியபோது பலர் நகைத்தனர். நகர்த்தும் விசை யாதென அவரால் நிறுவ இயலவில்லை. 1960-களில் கடலடி ஆய்வுகள் அவர் கூற்றின் அடிப்படை மெய்யென மெய்ப்பித்தன. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆசுத்திரேலியா, தென்முனைக் கண்டம் ஆகியவை முன்னர் ஒரே பெருநிலமாய் இருந்தன. அதன் பெயர் கோண்டுவானா. நடு இந்தியாவின் கோண்டு மக்களால் வந்த பெயர் அது. அவர்தம் கோண்டி மொழி தமிழின் உறவுமொழி! ஏறத்தாழ 9 கோடி ஆண்டுக்கு முன் மடகாசுகரை விட்டுப் பிரிந்த இந்தியா, வடக்கே விரைந்து ஏறத்தாழ 5 கோடி ஆண்டுக்கு முன் ஆசியாவுடன் மோதிற்று. அதனால் எழுந்ததே இமயம்.

இங்குதான் தமிழர் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி உளது. இந்தியாவிலும் மடகாசுகரிலும் ஒத்த உயிரினச் சுவடுகளைக் கண்ட ஆங்கிலேயர் பிலிப்பு இசுகிளேட்டர், இடையே ஒரு கண்டம் மூழ்கியதென 1864-இல் கருதி, அதனை 'இலெமூரியா' என்றார். தமிழறிஞர் பலர் அதனைக் குமரிக் கண்டத்தோடு இணைத்தனர். ஆனால் நிலங்களே நகர்ந்து பிரிந்தன என்று தெளிந்தபின் அக்கருத்து தேவையற்றதாயிற்று. எடை குறைந்த பெருங்கண்டம் ஆழ்கடலில் திடுமென அமிழாது. மேலும், மடகாசுகரை விட்டு இந்தியா பிரிந்த நாளில் மாந்தனே தோன்றவில்லை.

அங்ஙனமாயின் சிலப்பதிகாரமும் கலித்தொகையும் சுட்டும் கடல்கோள் பொய்யோ? அங்ஙனம் கொள்ள வேண்டுவதில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று ஈழமும் தமிழகமும் ஒரே நிலம். குமரிமுனைக்குத் தெற்கேயும் கரை அகன்றிருந்தது. பனி உருக உருக, கடல் அந்நிலத்தைப் படிப்படியாய்க் கொண்டது. மூழ்கியது கண்டமன்று; கரைநிலம். அக்கடலடியில் மாந்தர் வாழ்ந்த தடயம் உண்டா என்பதை முறையான அகழாய்வே கூற வல்லது. சான்றில்லாப் பெருமையைப் பேசினால், சான்றுள்ள பெருமையையும் பகைவர் எள்ளுவர்.

நிலம் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்காய் நகர்கின்றது. 2004 திசம்பர் 26 அன்று சுமத்திரா அருகே, இந்தியத் தட்டு அடிநுழையும் எல்லையில் நேர்ந்த நடுக்கமே ஆழிப்பேரலையை எழுப்பித் தமிழகக் கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டது. கடல்கோளைப் பாடிய இனத்தின் பிள்ளைகள் அதன் இயல்பை அறியாதிருத்தல் தகாது. தட்டு, முகடு, அடிநுழைவு என இவ்வறிவை எளிய தமிழ்ச் சொற்களில் பள்ளிதோறும் பயிற்றுக! அது தமிழுக்குச் செய்யும் தொண்டு. கரைவாழ் மக்களுக்குக் காப்புமாகும்.