நகையும் வயதும்: பள்ளிக்கூட நகைச்சுவைத் தொடரை மதிப்பிடும் வழி



உயர்நிலைப்பள்ளி மாணவரின் வாழ்வை வைத்துப் புனையப்பெறும் நகைச்சுவைத் தொடர்களை அவர்களினும் இளையோர் காணலாமா என்பதே இன்று நாம் ஆராயவிருக்கும் வினா. பாயான் பாருவில் இவ்வினாவுக்குத் தனி அழுத்தம் உண்டு. 1972இல் தோன்றிய பாயான் லெப்பாஸ் தொழில் மண்டலம் நமக்கு அண்மையது. இரவு, பகல் என மாறிமாறி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் இல்லங்களில் பிள்ளையும் கைப்பேசியும் தனித்திருக்கும் பொழுதுகள் பல. அன்றியும், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை மலாய்மொழி வழி இயங்கும் இடைநிலைப்பள்ளிக்குப் புறப்படும் பருவம் இது. தான் செல்லவிருக்கும் உலகம் எத்தகையது என்பதை அப்பிள்ளை திரையிலிருந்தே முதலில் கற்கக்கூடும்.

சான்றாக ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். 2020 முதல் 2023 வரை நெட்பிளிக்ஸ் தளத்தில் நான்கு பருவங்களாக வெளிவந்தது ‘நெவர் ஹாவ் ஐ எவர்’. அதன் தலைவி தேவி விஸ்வகுமார், கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப்பெண். அவளாக நடித்தவர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய கனடிய நடிகை மைத்ரேயி ராமகிருஷ்ணன். நம் வீட்டைப்போன்ற வீடும் பூசையும் கண்டிப்பான தாயும் அதில் உள்ளமையால் நம் பிள்ளைகள் அதனை விரும்பிக் காண்பதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் இத்தொடருக்கு 14 என்னும் வயதெண் இடப்பெற்றது. நம் நாட்டிலும் திரைப்படத் தணிக்கை வாரியம் 2023 முதல் யு, பி12, 13, 16, 18 என்னும் வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது. எனினும் திரையரங்க வாயிலில் நுழைவுச்சீட்டைக் கேட்க ஒருவர் இருப்பதுபோல் வீட்டுத் திரைக்கு முன் எவரும் இருப்பதில்லை. மேலும், வயதெண் கொச்சைச்சொல், பாலியல், மது ஆகியவற்றின் அளவைக் காட்டுமேயன்றிச் சிரிப்பின் தன்மையைக் காட்டாது.

அத்தன்மையை அறிய நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் நிலைக்களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் கூறுகிறது. தேவியின் தடுமாற்றங்களில் பெரும்பாலானவை இளமையாலும் பேதைமையாலும் விளைபவை. அவற்றைக் கண்டு சிரிப்பதில் தீங்கு குறைவு. ஆனால் உடன்பயிலும் பென் என்பவன் அவளுக்கும் அவள் தோழியர் இருவருக்கும் சூட்டும் ஈரெழுத்துப் பட்டப்பெயர் எள்ளல். ஐக்கிய நாடுகளைக் குறிப்பதுபோல் ஒலிக்கும் அப்பெயருக்குள் ஆபாசப் பொருள் மறைந்துள்ளது. ஒன்பது வயதுப் பிள்ளை பொருளறியாமலே அதனை வகுப்பில் சொல்லிப் பார்க்கும்.

இரண்டாம் பருவத்தில், அனீசா என்னும் மாணவிக்கு உணவுக்கோளாறு இருப்பதாகத் தேவி கூறும் சொல் பள்ளி முழுதும் பரவுகிறது. அது உண்மையிலேயே அனீசா பட்ட துன்பம். தேவி பள்ளியிலிருந்து இடைநீக்கம் பெறுகிறாள். செயலுக்கு விளைவு உண்டு என்பதைத் தொடர் மறைக்கவில்லை. ஆயினும் விளைவு பின்னரே வருகிறது. தொடரைக் குறுங்காணொளிகளாகத் துணுக்குத் துணுக்காகக் காணும் பிள்ளைக்குச் சிரிப்பு கிடைக்கும், விளைவு கிடைக்காது.

இன்னொன்றையும் கருதவேண்டும். எண்வகை மெய்ப்பாட்டில் நகைக்கு அடுத்து நிற்பது அழுகை. தேவியின் தந்தை அவளது பள்ளி இசைநிகழ்ச்சியின்போது மாரடைப்பால் இறந்தவர். அதன்பின் மூன்று திங்கள் அவள் கால்கள் செயலிழந்திருந்தன. தாயிடம் அவள் காட்டும் சினம் அத்துயரின் வடிவம். பதினைந்து வயதினர் இதனை உணர்வர். பத்து வயதினர் தாயை எதிர்த்துப் பேசுவதே நகைச்சுவை என்று கொள்ளக்கூடும்.

ஆகவே நம் முடிவு இது: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இத்தொடர் ஏற்றதன்று. முதற்படிவம் முதல் மூன்றாம் படிவம் வரையிலானோர் மூத்தோர் ஒருவருடன், துணுக்குகளாக அன்றி முழுமையாகக் காணலாம். நான்காம், ஐந்தாம் படிவத்தினர் தாமே கண்டு பின்னர் உரையாடலாம். மனநல ஆலோசகரிடம் சென்று துயரைப் பேசும் தேவியைக் கண்டு, பள்ளி ஆலோசனை ஆசிரியரை நாடத் தயங்கும் மாணவர் ஒருவர் துணிவு பெறக்கூடும். முற்றாகத் தடுப்பின் அப்பயனையும் இழப்போம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தத் தொடரைப் பற்றிப் பிள்ளை பேசினாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். யாரைக் கண்டு சிரித்தாய்? அவர் உடனிருந்தால் அவரும் சிரித்திருப்பாரா? அச்செயலுக்குப் பின்னர் என்ன நிகழ்ந்தது? இவற்றைத் தமிழில் கேட்டுத் தமிழில் விடைபெறுங்கள். நாணமும் துயரும் விருப்பும் பற்றி வீட்டுமொழியில் பேசப் பழகாத பிள்ளை, அவற்றுக்கான சொற்களைத் திரையிடமிருந்தே கடன்பெறும். அச்சொற்களை நாம் முன்னரே கொடுத்திருப்போம் எனின், மாற்றார் பள்ளிக்கதையையும் அது தன் அறிவால் எடைபோடும்.