தாங்குபவரைத் தாங்குபவர்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நம் நாட்டின் மறுகாப்புறுதி நிறுவனம் வளர்ந்த கதையைச் சொல்லும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "கல்யாண வீட்டில் கணக்குப்பிள்ளையைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்" என்று என் வீட்டில் சிரித்தார்கள். காப்புறுதி நிறுவனமொன்றின் இழப்பீட்டுப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. பொறுமையாகக் கேளுங்கள். நம் சங்கத்தின் மரண சகாய நிதிக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

2006 டிசம்பரில் ஜொகூரை வெள்ளம் சூழ்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கோத்தா திங்கியில் என் சாச்சா மகனுக்கு மளிகைக் கடை. தண்ணீர் வடிந்ததும் கடையைக் கழுவி, கடன் வாங்கிச் சரக்கு அடுக்கினார். 2007 ஜனவரியில் மறுபடியும் வெள்ளம். தீக்காப்புறுதி எடுத்திருந்தார், அதில் வெள்ளத்தைச் சேர்க்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் கைமாற்றுக் கேட்கலாம் என்றால், அவர் கடையிலும் இடுப்பளவு சேறு. கடைசியில் உதவி வந்தது ஜொகூர் பாருவிலிருந்தும் மலாக்காவிலிருந்தும்தான்.

ஒருவர் வீட்டில் துன்பம் என்றால் ஊர் தாங்கும். ஊரே துன்பத்தில் இருந்தால் அந்த ஊரை யார் தாங்குவது? மறுகாப்புறுதி பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

1861இல் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் நகரம் தீப்பற்றி அதன் பெரும்பகுதி சாம்பலானது. அவ்வளவு பெரிய நட்டத்தை உள்ளூர்க் காப்புறுதியால் தாங்க முடியவில்லை. இரண்டாண்டு கழித்து, 1863இல், சூரிக் நகரில் சுவிஸ் ரீ என்ற மறுகாப்புறுதி நிறுவனம் தொடங்கியது. ஜெர்மனியில் 1880இல் மியூனிக் ரீ தொடங்கியது.

இது வேலை செய்யும் விதம் எளிது. பாசிர் கூடாங்கில் 5 கோடி வெள்ளி மதிப்புள்ள ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் காப்புறுதி கொடுத்த நிறுவனம் 50 லட்சத்துக்கு மட்டும் தானே பொறுப்பேற்கும். மீதிப் பொறுப்பை மற்ற நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். வாங்கிய பிரிமியத்திலும் அதற்குரிய பங்கைக் கொடுத்துவிடும். தொழிற்சாலை எரிந்தாலும் நிறுவனம் மூழ்காது. முதலாளிக்கும் பணம் கிடைக்கும்.

ஆனால் நாம் சுதந்திரம் பெற்ற பிறகும், பிரித்துக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்கே போய்க்கொண்டிருந்தது. புதிதாக விடுதலை பெற்ற பல நாடுகளுக்கு இதே கவலை இருந்தது. இந்தியா 1972இல் பொதுக் காப்புறுதித் துறையை நாட்டுடைமையாக்கி ஜெனரல் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷனை அமைத்தது. நம் அரசாங்கத்தின் முயற்சியில் 1973இல் மலேசியத் தேசிய மறுகாப்புறுதி நிறுவனம் தொடங்கப்பட்டது. எம்.என்.ஆர்.பி. என்று சொல்கிறோமே, அதுதான். பிரிமியம் வெளியே போவதைக் குறைத்து, முடிந்த அளவு நாட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது அதன் நோக்கம்.

உள்நாட்டுக் காப்புறுதி நிறுவனங்கள் தங்கள் வணிகத்தில் ஒரு பங்கை விரும்பி இதற்குக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. தொடக்கத்தில் அந்த ஏற்பாடு பெரிய பலம். அதற்காக எல்லா ஆபத்தையும் நாட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கவும் முடியாது. கோத்தா திங்கியின் கதைதான் வரும். ஆகவே தாங்கக்கூடியதை வைத்துக்கொண்டு, மிஞ்சியதை அதுவும் வெளியே பகிர்ந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் ஆபத்திலும் பங்கேற்றது. 1996இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2005இல் மறுகாப்புறுதி வேலை 'மலேசியன் ரீ' என்ற துணை நிறுவனத்திடம் போனது.

நம் சமுதாயத்துக்கு இதில் இன்னொரு கேள்வியும் இருந்தது. 1972இல் தேசிய ஃபத்வாக் குழு, வழக்கமான ஆயுள் காப்புறுதி மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று முடிவு சொன்னது. வட்டி, சூதாட்டத் தன்மை, நிச்சயமின்மை ஆகியவை காரணங்கள். 1984இல் தக்காஃபுல் சட்டம் வந்தது. அதே ஆண்டில் ஷரிகாத் தக்காஃபுல் மலேசியா பதிவானது. வாசல் திறந்தது. ஆனால் தக்காஃபுல் நிறுவனத்தைத் தாங்க ரீதக்காஃபுல் போதுமான அளவு இல்லை. நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் வழக்கமான மறுகாப்புறுதி நிறுவனங்களிடமே போக வேண்டியிருந்தது. 1997இல் லாபுவானில் ஆசியான் ரீதக்காஃபுல் நிறுவனம் தொடங்கியது. 2007இல் எம்.என்.ஆர்.பி. குழுமமே ரீதக்காஃபுலில் இறங்கியது.

இந்தக் கருத்து நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல. ஒருவர் தவறுதலாக உயிரிழப்பை ஏற்படுத்தினால், நட்டஈட்டை அவருடைய குலத்தார் சேர்ந்து கொடுக்கும் ஆகிலா முறையை அறிவீர்கள். அந்தக் குலம் சிறியதாக இருந்து தாங்க முடியாவிட்டால், நெருங்கிய அடுத்த குலத்தாரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. தாங்குபவரைத் தாங்க இன்னொருவர் என்ற ஏற்பாடு அன்றே இருந்திருக்கிறது.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். நம் மரண சகாய நிதியில் சந்தா கட்டுபவர்கள் அநேகமாக எல்லாரும் இந்த ஒரே ஊரில் இருப்பவர்கள். 2021இல் கொரோனா காலத்தில் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து ஜனாஸா. பொருளாளர் எத்தனை இரவு தூங்கவில்லை என்பது செயலவைக்குத் தெரியும். சிலர் மறு ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டியதால்தான் நிதி தப்பியது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படி நடக்கும் என்று இருந்துவிட முடியாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, மூவார், பத்து பகாட், குளுவாங், மலாக்கா என்று பல ஊர்களிலும் உள்ள நம் சகோதரச் சங்கங்களோடு பேசுவோம். ஒவ்வொரு சங்கமும் சந்தாவில் ஒரு சிறு பங்கைப் பொது நிதியில் போடட்டும். ஓர் ஆண்டில் செலவு ஓர் அளவைத் தாண்டினால், அந்தச் சங்கம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். உஸ்தாதுகளையும் கணக்கும் சட்டமும் தெரிந்தவர்களையும் கேட்டே இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கடை வைத்திருப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா? தெரியாவிட்டால் என்னிடம் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்கிறேன். அதற்குக் கட்டணம் ஒரு தே தாரிக் போதும்.

ஐம்பது ஆண்டுகள் நம் பெரியவர்கள் ஒருவரையொருவர் தாங்கி இந்தச் சங்கத்தை நம் கையில் தந்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுக்கு, சங்கத்தையும் தாங்க ஆள் இருக்கும்படி நாம் செய்வோம். அல்லாஹ் அருள் புரிவானாக. வஸ்ஸலாம்.