நகலும் மூலமும்



பொருள்நோக்கு நிரலாக்கத்தில் நகலெடுத்தல் எளிய செயலன்று. தஞ்சாவூரிலிருந்து புனேக்குக் குடிபெயர்ந்த ஒருவரின் பதிவை எடுத்துக்கொள்வோம். அப்பதிவு ஒரு பொருள். அதனுள் அடங்கிய முகவரி மற்றொரு பொருள். பழைய பதிவைக் காத்து, நகலில் மட்டும் புதிய ஊரை எழுத விரும்புகிறோம்.

பைத்தான் மொழியில் சமக்குறியிட்டு வேறு பெயர் சூட்டினால் நகலே பிறப்பதில்லை. ஒரே பொருள் இரு பெயர் பெறுகிறது. மேலோட்ட நகல் புதிய பதிவைத் தரும். ஆயினும் முகவரி இரண்டிற்கும் பொதுவே. நகலின் முகவரிக்குள் புனே என்று திருத்தினால், மூலத்திலிருந்த தஞ்சாவூரும் மறைந்துவிடும். எச்சரிக்கை ஏதும் வாராது. ஆழ்நகலோ முகவரியையும் தனியே படைக்கிறது.

ஸ்மால்டாக்-80 மொழியிலேயே இவ்விரு வகைகளும் இருந்தன. ஜாவாவின் குளோன் முறை, நாம் மாற்றி எழுதாதவரை, மேலோட்ட நகலையே தரும்.

எனில், எங்கும் ஆழ்நகலே எடுக்கலாமா? அதற்கு நினைவகமும் நேரமும் மிகுதியாகச் செலவாகும். கணவர் பதிவு மனைவியையும், மனைவி பதிவு கணவரையும் சுட்டினால், நகலெடுப்பு முடிவின்றிச் சுழலவும் கூடும். பைத்தானின் ஆழ்நகல் முறை, முன்பே நகலெடுத்தவற்றைக் குறித்துவைத்து இச்சுழலைத் தவிர்க்கிறது.

மாறாத பொருளைப் பகிர்வதில் தீங்கில்லை. மாறக்கூடியதைப் பகிருமுன் சிந்திப்போம். இன்றேல் சொந்த ஊரே பதிவிலிருந்து அழிந்துபோகும்.