ஆற்றுமுகத்துக் கல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்புங்கள். பழங்காலக் கல்லெழுத்து ஒன்றைப் பார்க்கப் போகிறோம்.

சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்திலிருந்து பகோடா ஸ்திரீட் வழியாக நடந்தால் மாரியம்மன் கோயில். நாராயண பிள்ளை 1827இல் நிறுவியது. அதன் கோபுரத்தால்தான் அந்தத் தெருவுக்கே அப்படிப் பெயர். அவர் சிங்கப்பூரில் கால் வைத்தது 1819இல். அதே ஆண்டில்தான் நம் கல்லும் வெளிப்பட்டது.

சூலியா பள்ளிவாசலைத் தாண்டி, சவுத் பிரிட்ஜ் ரோடு நெடுக நடந்து ஆற்றைப் பிடியுங்கள். கரையோரமாகவே போனால் ஃபுல்லர்ட்டன் ஹோட்டல். இன்று கடல் தள்ளிப் போய்விட்டது. அன்று அதுதான் ஆற்றுமுகம். அங்கே காடு வெட்டிய ஆட்கள் கண்டது சுமார் மூன்று மீட்டர் உயரப் பாறை. அதில் ஏறக்குறைய ஐம்பது வரி எழுத்து. மலாக்காவில் தமிழும் படித்த முன்ஷி அப்துல்லா அதை நேரில் பார்த்தவர். இந்தியர்கள் இது எங்கள் எழுத்து என்றார்களாம். சீனர்கள் எங்களுடையது என்றார்களாம். ஒருவராலும் படிக்க முடியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்.

1843இல் ஆற்றுமுகத்தை அகலப்படுத்தவும் கட்டடம் எழுப்பவும் அந்தப் பாறையை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி சில துண்டுகளைப் பொறுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்றுதான் பின்னாளில் நம்மிடம் திரும்பி வந்தது.

அதைப் பார்க்க ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் உள்ள தேசிய அரும்பொருளகத்துக்குப் போக வேண்டும். அந்த எழுத்தைப் பழஞ்சாவக எழுத்தான கவியோடு பலர் ஒப்பிடுகிறார்கள். 2019இல் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் அதில் 'கேசரிவ' என்று படிக்கலாம் என்றார். சோழர் பட்டமான பரகேசரிவர்மன் என்பதன் பகுதியாக அது இருக்கலாம் என்பது அவர் கருத்து. கடாரம் வென்ற இராசேந்திரனும் பரகேசரிதான். கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனாலும் அவசரப்பட்டு உரிமை கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது வரியில் நமக்கு மிஞ்சியது சில எழுத்துகள். முன்னும் பின்னும் உள்ள சொற்கள் வெடியோடு போய்விட்டன.

கல்லின் முன்னால் போய் நின்றதும் நகர்ந்துவிடாதீர்கள். நேராகப் பார்த்தால் வெறும் சொரசொரப்பு. சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து, குனிந்து பாருங்கள். நிழல் விழும் இடத்தில் உருண்டை உருண்டையாக எழுத்துகள் மெல்லத் துலங்கும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்; அவர்கள் கண்ணுக்கு நம்மைவிட முன்னால் தெரியும்.