அரைக்காலும் ஆறில் ஒன்றும்

 

தொழுகையின் ரக்அத்துகளை நபி (ஸல்) அவர்களின் வழிமுறையிலிருந்து அறிகிறோம். வாரிசுப் பங்குகளையோ அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176ஆம் வசனங்களில் பின்னங்களாகவே அருளிவிட்டான். பாதி, கால், அரைக்கால். மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. இந்த ஆறுதான். அரைக்கால் என்னும் நம் தமிழ்ச் சொல்லிலேயே பெருக்கல் இருக்கிறது: காலில் பாதி, எட்டில் ஒன்று. பிள்ளைகளுள்ள கணவர் மௌத்தானால் மனைவிக்கு உரியது அதுவே. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ தமது அல்ஜப்ர் நூலின் பெரும் பகுதியை வஸிய்யத், வாரிசுக் கணக்குகளுக்கே ஒதுக்கினார்.

ஆனால் நம் குடும்பங்களில் நடப்பது என்ன? தந்தை மௌத்தானதும் பாகம் பிரிப்பதில்லை. "அம்மா இருக்கும்வரை போகட்டும்" என்கிறோம். அதற்குள் இன்னொரு மௌத் நேர்ந்துவிடுகிறது. பங்குக்குள் பங்கு வருகிறது. மதரஸாக்களில் இதை முனாஸகா என்பார்கள்.

ஜவ்வாது மலையடிவாரத்தில், ஆலங்காயம் பக்கத்தில் ஒருவர் 4 ஏக்கர் 80 செண்ட் நிலம் விட்டுச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். கடனும் கொடுபடாத மஹரும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் நிற்பது இந்த 480 செண்ட். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர்; மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கின்றனர். மனைவிக்கு அரைக்கால், 60 செண்ட். மீதி எட்டில் ஏழு. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என ஐந்து கூறு. மகளுக்கு எட்டில் ஏழின் ஐந்தில் ஒன்று: மேலெண்களைப் பெருக்கினால் 7, கீழெண்களைப் பெருக்கினால் 40. நாற்பதில் ஏழு, 84 செண்ட். மகன்களுக்குத் தலா 168.

பிரிக்காமலே இருக்க, அந்த மகளும் மௌத்தாகிறார். கணவர், தாய், மூன்று ஆண் மக்கள், ஒரு பெண் பிள்ளை. கணவருக்குக் கால், 21. தாய்க்கு ஆறில் ஒன்று, 14. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கணவருக்குக் கொடுத்தது போக மீதியுள்ள 63இல் ஆறில் ஒன்றை எடுத்து, பத்தரை செண்ட் என்று தாயிடம் நீட்டுகிறார்கள். குறிக்கப்பட்ட பங்கு முழுச் சொத்திலிருந்து, மீதியிலிருந்து அல்ல. அந்த மூன்றரை செண்ட் ஒரு விதவைத் தாயின் ஹக்கு!

எஞ்சிய 49 செண்ட் ஏழு கூறாகிறது. பையன்களுக்குத் தலா 14, பெண் பிள்ளைக்கு 7. பெருக்கிப் பாருங்கள்: நாற்பதில் ஏழு, பன்னிரண்டில் ஏழு, ஏழில் ஒன்று, சுருக்கினால் 480இல் 7.

1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தைச் சேர்க்கவில்லை. 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அதையும் சேர்த்தது. ஆகவே, "வயலில் பெண்களுக்குப் பங்கு ஏது?" என்ற பழைய பேச்சு இங்கே எடுபடாது.

"ஏழு செண்ட்தானே, மாமன்மார் பார்த்துக்கொள்வார்கள்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு செண்ட் 435.6 சதுர அடி. ஏழு செண்ட் ஏறத்தாழ 3,049 சதுர அடி. ஒரு கிரவுண்ட் மனை 2,400தான்.