ஜாஸ் இசையில் பெண்கள்: குரலும் ஏடும்



ஜாஸ் இசையில் பெண்கள் என்றதும் பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகியோரின் குரல்களே நினைவுக்கு வருகின்றன. இசையை இயற்றிய பெண்களைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகிறேன்.

மேரி லூ வில்லியம்ஸ் 1910இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஆன்டி கர்க்கின் குழுவில் பியானோ வாசித்தார். அக்குழுவின் ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியை எழுதியும் தந்தார். 1945இல் பன்னிரண்டு இராசிகளுக்கும் தனித்தனி இசைப்பகுதி அமைத்து ‘சோடியாக் சூட்’ இயற்றினார். நியூயார்க்கின் ஹார்லெமில் அவருடைய இல்லத்தில் தெலோனியஸ் மங்க், பட் பவல் முதலிய இளைஞர்கள் கூடினர், அவரிடம் கற்றனர். அவர்களுக்குக் கிட்டிய புகழ் அவருக்குக் கிட்டவில்லை.

மெல்பா லிஸ்டன் டிராம்போன் கலைஞர். ராண்டி வெஸ்டனின் மெட்டுகளைக் குழு முழுவதற்குமாக விரித்தெழுதியவர். அத்தகைய பணி செவிக்கு எட்டும். செய்தவர் பெயர் எட்டுவதில்லை.

ஜாஸில் ஒரு மெட்டு வாழ்வது பிறர் அதை மீண்டும் மீண்டும் எடுத்து வாசிப்பதால்தான். ஆனால் மாணவர் கைக்கொண்ட தொகுப்பு ஏடுகளில் பெண்கள் இயற்றியவை மிகச் சிலவே. அக்குறை தீர, டிரம்ஸ் கலைஞர் டெரி லின் கேரிங்டன் 2022இல் பெண்கள் இயற்றிய 101 மெட்டுகளைத் தொகுத்து நூலாக்கினார். புகழுரை ஒரு நாளில் முடியும். ஏட்டில் ஏறிய மெட்டை நாளை ஒரு மாணவி வாசிப்பாள்.

கவிஞர்களே, தொகுப்பவரும் மரபைப் படைக்கிறார். எவரை விடுகிறோம் என்பதையும் எண்ணித் தொகுப்போம்.